இரண்டாம் பந்தி

1

வாத்தியாருடைய கடிதம் போன வாரம் வந்தது. ஊரில் நம் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு சாயங்காலம் கூடிப் பேசும்போது இரண்டு கட்சி ஆகிவிட்டதாம். நமக்குச் சேரவேண்டிய சம உரிமையைக் கேட்டு, மல்லுக்கு நின்று வாங்க வேண்டும் என்று ஒரு கட்சி. மேலே இருக்கிறவர்கள் மனசு மாறும்வரை பொறுத்திருப்போம், அவசரப்பட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று இன்னொரு கட்சி. பேச்சு முற்றிச் சண்டையாகி, ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாராம். கடைசியில், "தங்கவயலில் நம் யாக்கோபு இருக்கிறானே, சபையில் எல்லார் கண்ணெதிரே முதல் பந்தியில் திராட்சரசப் பாத்திரத்தைப் பிடுங்கிக் குடித்தவன், அவனையே எழுதச் சொல்லுவோம்" என்று முடிவு செய்தார்களாம்.

எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றோடு அது நடந்து ஒரு வருஷம். ஊரில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மனைவி சலோமி கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அப்போதும் வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிடுங்கவில்லை. இதை வாத்தியார் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

2

நான் தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் இருக்கிறேன். மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம், கையை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் குறட்டை கைக்கு எட்டும். காலையில் சங்கு ஊதினால் ஷிப்டு, சாயங்காலம் சங்கு ஊதினால் வீடு. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக் குழிக்கு மேலே இப்போது மின்சார விளக்கு எரிகிறது. அதைப் பார்க்கப் பங்காருப்பேட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கீழே பாறையைக் குடைந்து போன எங்கள் லெவலில் இன்னும் மெழுகுவத்திதான். களிமண் உருண்டையில் குத்தி, தலைப்பாகையிலோ பாறையிலோ ஒட்டிக்கொள்வோம்.

வேலை இதுதான். பாறையில் துளை போட வேண்டும், மருந்து வைத்து வெடிக்க. ஒருவன் ஜம்பர் என்கிற இரும்புக் கம்பியைப் பாறையில் வைத்துப் பிடிப்பான். இன்னொருவன் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பான். ஒவ்வொரு அடிக்கும் பிடிக்கிறவன் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். நான் பிடிக்கிறவன். எட்டு வருஷம் எனக்கு அடித்தவர் தேவசகாயம். மெழுகுவத்தி வெளிச்சத்தில், குனிந்த என் காதுக்கு அரை முழத்தில் அவர் சம்மட்டி வந்து இறங்கும். எட்டு வருஷத்தில் ஒரு அடி தவறவில்லை. ஷிப்டு முடியும்போது என் இரண்டு கையும் மரத்துப் போயிருக்கும். சோற்றைப் பிசைந்தால் சோறு சூடா ஆறியதா என்று தெரியாது. சலோமி சொன்னால்தான் தெரியும்.

தேவசகாயம் நம் ஆள் இல்லை. முதலியார் வீட்டுக் கிறிஸ்தவர். சித்தூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்து, அது போய், சுரங்கத்துக்கு வந்தவர். கீழே எங்கள் இருவருக்கும் தண்ணீர் குடிக்க ஒரே டின். பீப்பாயில் மொண்டு, முதலில் அடிக்கிறவன் குடிப்பான், அவனுக்குத்தான் மூச்சு வாங்கும். பாதி குடித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே நீட்டுவான். பிடிக்கிறவன் வாங்கி மீதியைக் குடிப்பான். எல்லா ஜோடிக்கும் கீழே இதுதான் வழக்கம். அந்தச் சூட்டில், அந்தப் புகையில், இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பில்லை. யாரும் ஏற்பாடு செய்ததில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்து வெயில் பட்டதும் நாங்கள் இரண்டு ஆள். கீழே "புடிடா", "நீ குடி". மேலே "வாங்க", "போய் வரேங்க". எட்டு வருஷத்தில் அவர் என் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தெருவில் நின்று கனைப்பார். நான் வெளியே போவேன். இதிலே எனக்கு வருத்தம் இருந்ததாக அப்போது தோன்றவில்லை.

3

ரூத்துக்குப் பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் நம் பேச்சு. பால்காரியிடம் கன்னடம், காய்காரியிடம் தெலுங்கு, எண்ணுவது மட்டும் இங்கிலீஷ். அவள் நம் ஊரை ஒரே தடவைதான் பார்த்திருக்கிறாள், பிளேக் காலத்தில் என் அப்பா சாவுக்கு வந்தோமே, அப்போது.

அந்தப் பயணத்துக்குப் பாஸ் வாங்கின கதையைச் சொல்லாமல் விட முடியாது. மைசூர்ச் சீமையிலிருந்து யார் வெளியே போனாலும் பிளேக் பாஸ் வேண்டும். பாஸ் ஆபீசில் குமாஸ்தா கன்னடத்தில் கேட்டார். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் ஆபீசுக்குள் நுழைந்தால் எனக்கு இருக்கிற கன்னடமும் ஓடிப் போகும். ரூத்துதான் பதில் சொன்னாள். பேர், அப்பா பேர், போகும் ஊர், எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். கடைசியில் அவர், "யாவ ஜாதி?" என்றார். அவள் கொஞ்சம் யோசித்து, "லைன்காரங்க" என்றாள்.

குமாஸ்தா சிரித்துவிட்டு அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும், "நான் சொன்னது தப்பாப்பா?" என்றாள். "தப்பில்லம்மா, அந்த ஏட்டுல அது கெடையாது" என்றேன்.

ஊருக்கு வந்தால் பாஸை முன்சீப்பிடம் காட்டி, பத்து நாள் தினம் போய் நிற்க வேண்டும். நினைவிருக்கும் உங்களுக்கு. கட்டி இருக்கிறதா என்று அவர் பார்த்து எழுதவேண்டும், ஆனால் நம்மைத் தொடக்கூடாது. அதனால் இருபது அடி தள்ளி நின்றுகொண்டு, "அக்குளை நீயே அமுக்கிப் பாரு. வலிக்குதா? இல்லையா? சரி போ" என்பார். சர்க்கார் வைத்தியம் அப்படி நடந்தது. திரும்பும்போது வெயிலுக்குத் தண்ணீர் கேட்டால் அவர் வீட்டு அம்மா செம்பை ஆள் உயரத்துக்குத் தூக்கி ஊற்றுவார். நாங்கள் கீழே குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயோடு வைத்துக்கொள்வோம். முழங்கையில் வழிந்தது போக மீதி வயிற்றுக்கு.

ரூத்துக்குக் கையைக் குவிக்கத் தெரியவில்லை. எல்லாத் தண்ணீரும் பாவாடையில் போயிற்று. அந்த அம்மா, "பொண்ணுக்குப் பழக்கல போலிருக்கே" என்றார். நான் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து அவளுக்குக் கற்றுக் கொடுத்தேன். விரலை இப்படி ஒட்டி வை, கட்டை விரலை உள்ளே மடி என்று நானே அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

4

எங்கள் ஜெபவீடு சின்னது. முன்னால் நாலு பெஞ்சு, பின்னால் பாய். பெஞ்சில் முதலியார், நாயுடு வீட்டுக் கிறிஸ்தவர்கள். பாயில் நாம். இராப்போஜனத்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்க முதலில் பெஞ்சுக்காரர்கள் போய் முழங்கால் பலகையில் வரிசையாக முழங்கால் போடுவார்கள். அது முதல் பந்தி. அவர்கள் குடித்து எழுந்த பிறகு அதே பாத்திரம், அதே ரசம், இரண்டாம் பந்திக்கு வரும். யாரும் சட்டம் போட்டு எழுதி வைக்கவில்லை. நான் வந்தபோதே அப்படித்தான் இருந்தது.

இதைப் பற்றி எங்கள் வீட்டிலும் இரண்டு கட்சி உண்டு. நான் காத்திருக்கிற கட்சி. வாத்தியார் இதை அழுத்திப் படிக்க வேண்டும். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம், நல்ல மனிதர். அவரிடம் ஒரு தடவை நம் ஆட்கள் நாலு பேர் போய்க் கேட்டார்கள், நான் பின்னால் துணைக்கு நின்றேன். அவர் கண்ணில் தண்ணீர் விட்டு என் பக்கம் திரும்பினார். "மனசு மாறணும் யாக்கோபு. நான் உத்தரவு போட்டா சபை ரெண்டா ஒடையும். கொஞ்சம் பொறுங்க" என்றார். பொறுத்தோம்.

தேவசகாயமும் அதையே சொன்னார், கீழே வைத்து. "எங்க மாமனாரு ஒருத்தரு கீறாரு பாரு, அவரு காலம் முடியட்டும்டா. அப்புறம் நானே உன் கையப் புடிச்சு இட்டாந்து எம் பக்கத்துல வைக்கிறேன்." மாமனார் ஞானமுத்து முதலியார்தான் சபையில் பெரியவர். அவர் கனைத்தால் பெஞ்சே எழுந்து நிற்கும். ஒரு மனிதர் சாவதற்காகக் காத்திருப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை, இருந்தாலும் அந்த வாக்கை நான் நம்பினேன்.

சலோமி நம்பவில்லை. "அவுரு போனா அவுரு புள்ள வருவான். இன்னாத்துக்குக் காத்துகினு இருக்கணும்? கேட்டவங்களுக்கே குடுக்கல, கேக்காத உனக்கு எவன் குடுப்பான்?" என்பாள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு ரூத்துக்குத் திடப்படுத்தல். முதல் தடவையாகப் பாத்திரம் வாங்கப் போகிறாள். "எம் பொண்ணு மொத மொதல்ல குடிக்கறது மத்தவங்க குடிச்சு எழுந்த மிச்சத்துலயா? அப்படீன்னா அவ போகவே வாணாம்" என்றாள் சலோமி. நான், "பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். என் வாயில் அதிகம் வருகிற வார்த்தை அதுதான்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

சனிக்கிழமை எங்களுக்கு ராத்திரி ஷிப்டு. பாறை கடினம், துளை முடியவில்லை, காலையில் நேரமாகிவிட்டது. கேஜில் மேலே வந்து, காவலில் தங்கம் ஒளிக்கவில்லை என்று துணியை உதறிக் காட்டி, குழாயில் முகம் கழுவிக்கொண்டு நேரே ஜெபவீட்டுக்குப் போனோம். என் கை மரத்துப் போயிருந்தது. கண் திறந்திருந்தும் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. பலகையின் கடைசியில் இடம் இருந்தது. தேவசகாயம் போனார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். லெவலில் எட்டு வருஷமாக அப்படித்தான் போய்ப் பழகியிருந்தேன், முன்னால் அவர் முதுகு, பின்னால் நான். அவர் முழங்கால் போட்டார். நானும் போட்டேன்.

ஐயர் தலை குனிந்து ஜெபம் சொல்லிக்கொண்டே பாத்திரத்தோடு வந்தார். தேவசகாயம் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு ஐயர் கையில் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் நீட்டினார்.

நான் வாங்கிக் குடித்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் கை பழக்கத்தில் நீட்டியது, என் கை பழக்கத்தில் வாங்கியது. ரசம் நாக்கில் இனிப்பாகப் பட்டதும்தான், இது தண்ணீர் இல்லையே என்று விழித்துக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தேன். தேவசகாயம் முகம் வெளுத்துப் போயிருந்தது. எல்லாரும் தலை குனிந்து, ஐயரும் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்ததால் அவர் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது பாத்திரம் என் கையில் இருந்ததைத்தான் பார்த்தார்கள்.

முன் பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை "ஐயோ" என்றாள். ஞானமுத்து முதலியார் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

6

அந்த வாரம் வீட்டுக்கு வராதவர்கள் இல்லை. நம் லைன் ஆட்கள் வந்து தோளைத் தட்டினார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். ஐயர் வந்தார். "புதன்கிழமை சபையைக் கூட்டறேன். தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு யாக்கோபு. எல்லாம் அடங்கிடும். ஈஸ்டர் நல்லபடியா நடக்கும்" என்றார்.

அவர் கேட்டது பொய் இல்லை, உண்மையையே சொல்லச் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சலோமி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வந்தாள். "ரூத்தப்பா, நீ மெய்யாலுமே தெரியாமத்தான் குடிச்சியா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் என்னைப் பற்றி இரண்டு நாளாகத்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அது இறங்கியதை நான் முகத்தில் பார்த்தேன். பிறகு, "போவட்டும். ஆனா அத தப்புன்னு உன் வாயால சொல்லாத. நம்ம அங்க குடிச்சது தப்புன்னு நீயே சொன்னா, ஈஸ்டருக்கு எம் பொண்ணு எங்க போய் நிப்பா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேவசகாயம் வந்தார். தெருவில் கனைக்கவில்லை. வாசற்படி வரைக்கும் வந்து நின்றார்.

"நாளைக்கு இன்னா சொல்லப் போறே?"

"நடந்ததச் சொல்றேங்க."

"நான் குடுத்தேன்னு சொல்லாதடா" என்றார். மேலே வைத்து அவர் என்னை டா என்றது அதுதான் முதல் தடவை. "கீழ ஒரே டின்னுல குடிக்கறோம்னு எம் மாமனாருக்குத் தெரிஞ்சா எம் பொண்டாட்டி புள்ளைங்கள வூட்டுக்கு இட்டுகினு பூடுவாரு. நீயா எடுத்துகினேன்னு சொல்லிடு. உன்ன உங்க ஆளுங்க தோள்ல தூக்கி வச்சுக்குவாங்க. உனக்கு நஷ்டம் இல்ல."

"குந்துங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் சலோமி உள்ளேயிருந்து. வேண்டுமென்றேதான் சொன்னாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

7

புதன்கிழமை. பெஞ்செல்லாம் நிறைந்திருந்தது, பாயும் நிறைந்திருந்தது. ஐயர் என்னை எழுப்பினார். ஞானமுத்து முதலியார் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"பாத்திரத்தை நீயா எடுத்தாயா?"

பொய் சொன்னால் நண்பன் பிழைப்பான், நம் ஆட்களுக்கும் பெருமை. "தெரியாமல்" என்று மட்டும் சொன்னால் ஐயருக்கு நிம்மதி. ரூத் பாயில் அம்மாவோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தைரியசாலி இல்லை. மூன்று நாளாக யோசித்து யோசித்து மூளை ஓய்ந்துபோயிருந்தது. நடந்ததைச் சொன்னால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்று தோன்றிற்று.

"அவரு குடுத்தாருங்க, நான் வாங்கினேன். கீழ தெனம் அப்படித்தான் குடிக்கறோம். அந்தப் பழக்கத்துல நடந்துபோச்சு. தெரியாமத்தான் நடந்தது, ஆனா தப்புன்னு நான் சொல்ல மாட்டேங்க."

முதலியார் மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை?"

தேவசகாயம் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. "நான் குடுக்கல மாமா. அவன்தான் புடுங்கிகினான். கீழ எனக்குத் தனி டின்னு கீது" என்றார்.

நம் ஆட்கள் பக்கமிருந்து யாரோ, "புடுங்கிகினா இன்னாய்யா? எங்க பங்கத்தான புடுங்கிகினான்!" என்று கத்தினார். அங்கே ஆரம்பித்தது கூச்சல். அந்தக் கூச்சலில் நான் சொன்னது அடிபட்டுப்போய், தேவசகாயம் சொன்னதே நிலைத்தது. உங்கள் காதுக்கு வந்து சேர்ந்ததும் அதுதான். நீங்கள் என்னைப் புகழ்வது அவர் சொன்ன பொய்யை வைத்து.

மறுநாள் ஷிப்டில் நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. அவர் சம்மட்டியை எடுத்தார், நான் ஜம்பரைப் பிடித்துக் குனிந்தேன். பயமாக இருந்ததா என்று சலோமி பிறகு கேட்டாள். இல்லை. ஒரு அடிகூடத் தவறவில்லை. தண்ணீர் குடிக்கிற நேரம் வந்ததும் அவர் தன் மூட்டையிலிருந்து புது டின் ஒன்றை எடுத்தார். சபையில் சொன்ன பொய்யை மெய்யாக்க வாங்கி வந்திருந்தார். எட்டு வருஷத்துப் பழைய டின்னை நான் தனியாக எடுத்துக் குடித்தேன். அந்த வாரமே மேஸ்திரியிடம் சொல்லி ஜோடியை மாற்றிக்கொண்டார்.

8

ஈஸ்டருக்கு முன்னாலேயே பெஞ்சுக்காரர்களில் பாதிப் பேர் ஞானமுத்து முதலியார் வீட்டுத் தாழ்வாரத்தில் தனியாக ஜெபம் வைக்க ஆரம்பித்தார்கள். தேவசகாயமும் அங்கேதான். ஜெபவீட்டில் மிஞ்சியவர்களை வைத்து இரண்டு பந்தி போட ஆள் போதவில்லை. ஐயர், "இனிமே ஒரே பந்தி" என்றார். உத்தரவு போட்டால் சபை உடையும் என்று பயந்தவர், உடைந்த பிறகு உத்தரவு போட்டார். யார் மனசும் மாறி அது வரவில்லை, யாரும் சண்டை போட்டும் வரவில்லை. தலை எண்ணிப் பார்த்ததில் வந்தது.

ஈஸ்டர் அன்று ரூத் வெள்ளைத் துணி உடுத்தி, பலகையின் முதல் இடத்தில் முழங்கால் போட்டாள். அவளுக்கு முன்னால் அன்று யாரும் குடிக்கவில்லை. சலோமி அழுதாள். ஏதாவது தோன்றுமா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காலியாகக் கிடந்த பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷமாகவே அப்படித்தான் இருக்கிறேன். சங்கு ஊதுகிறது, போகிறேன், வருகிறேன். மரத்துப்போன கை விடிவதற்குள் சரியாகிவிடும். இது சரியாகவில்லை. எனக்கு அந்த மனிதர் வேண்டியிருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

9

கடிதத்தை இந்த இடத்தோடு முடித்து, "கேட்பதா காத்திருப்பதா எனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை இன்னொன்று நடந்தது.

தேவசகாயத்தின் ஜோடிக்குக் காய்ச்சல். என் ஜோடி ஊருக்குப் போயிருக்கிறான். மேஸ்திரி யோசிக்காமல் எங்களைச் சேர்த்துவிட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் காதருகே மறுபடியும் அந்தச் சம்மட்டி. பாதி ஷிப்டில் மேலேயிருந்து ஒரு கல் பெயர்ந்து, ஓரத்தில் வைத்திருந்த அவர் டின்மேல் விழுந்தது. டின் அப்பளமாக நசுங்கியது. அவர் அதைக் காலால் தள்ளிவிட்டு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் அடித்தார். கடைசியில் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாறையில் சாய்ந்தார். மூச்சு இரைத்தது.

நான் பீப்பாயில் என் டின்னை மொண்டேன். பக்கத்தில் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் முதலியார் வீட்டு ஜெபத்துக்குப் போகிறவர்கள். தேவசகாயம் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயோடு வைத்துக்கொண்டார். கட்டை விரலை உள்ளே மடிக்கத் தெரியவில்லை அவருக்கு.

என் கை டின்னோடு மேலே போயிற்று. நான் நினைத்துச் செய்யவில்லை. முன்சீப் வீட்டு அம்மா தூக்குவாரே, அந்த உயரத்துக்குப் போயிற்று. சாய்த்தேன். நாலு சொட்டு அவர் கையில் விழுந்து முழங்கையில் வழிந்தது. அதைப் பார்த்ததும் ரூத்தின் நனைந்த பாவாடை கண்ணில் நின்றது, என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ஒரு வருஷத்தில் எனக்கு ஏதாவது தோன்றியது என்றால் அப்போதுதான்.

டின்னை இறக்கினேன். "கைய எடுண்ணே. டின்னப் புடி" என்றேன்.

"பாக்கறாங்கடா."

"பாக்கட்டும். அடிக்கறவன் மொதல்ல குடிக்கணும். நீ குடிச்சாத்தான் நான் குடிக்க முடியும். எனக்கும் தாகமா கீது. எம்மா நேரம் காத்துகினு இருக்கறது?"

நான் டின்னை விட்டுவிடாமல் நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு பாதி குடித்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் நீட்டினார். நான் வாங்கி மீதியைக் குடித்தேன்.

வாத்தியார் ஐயா, பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் போன வருஷத்து ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாதீர்கள். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வருஷமாகச் சுரங்கத்துக்கு மேலே வாய் திறந்து கேட்காமல் இருந்தவன் நான். வெள்ளிக்கிழமை கேட்டேன், அதுவும் கீழே, நாலு மெழுகுவத்திக்கு முன்னால். பெரிதாக ஒன்றும் இல்லை. என்னைவிடப் பெரிதாகச் செய்கிறவர்கள் உங்களில் இருந்தால் செய்யுங்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு போனவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

இதை ஞாயிறு மத்தியானம் எழுதுகிறேன். நேற்று எங்களுக்கு ஷிப்டு இல்லை, நாளைக்கும் நாங்கள் இருவரும்தான் ஜோடி. சாயங்காலத்துக்குள் யாராவது போய் ஞானமுத்து முதலியாரிடம் சொல்லியிருப்பார்கள். தேவசகாயம் புது டின் வாங்கிக்கொண்டு வரலாம். சற்று முன் மேஸ்திரி எங்கள் லைன் வழியாகப் போனார். தேவசகாயம் ஜோடியை மாற்றச் சொல்லி வந்தாரா என்று வாசலில் நின்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றார்.